ஓபர்லினில் கிங்: ஒரு வரலாற்று உலாவின் மதிப்புரை

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் ஓபர்லின் என்ற சிறுநகரம் இருக்கிறது. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இவ்வூருக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் ஒருமுறைக்கு மேல் வந்து பேசியிருக்கிறார். அவர் பேசிய இடங்களையும், அவர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அடிமை முறையை எதிர்த்து இவ்வூரார் செய்த செயல்களின் அடையாளங்களையும் சேர்த்து நடந்தே பார்க்கக்கூடிய வரலாற்று உலாவைப் பற்றியது இம்மதிப்புரை. ஊரின் மரபு மையம் வழிகாட்டியோடு கூடிய உலாக்களை நடத்துகிறது. வழிகாட்டி இல்லாமல், முன்கூட்டிப் படித்துக்கொண்டு தாமாகவே நடந்து பார்ப்பதும் எளிது. நான் இங்கே எழுதுவது பெரும்பாலும் இரண்டாவது முறையை மனத்தில் கொண்டுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிமை உரிமைப் போராட்ட வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் அலபாமாவுக்கும் டென்னசிக்கும் போவதைப் போலவே இவ்வூருக்கும் அவசியம் வரவேண்டும். ஆனால் ஓபர்லின் கல்லூரியின் 1965ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் கிங் ஆற்றிய புகழ்பெற்ற உரையை மட்டும் தேடி வருபவர்கள் இவ்வூரில் பாதியைத்தான் காண்பார்கள். ஓபர்லினுக்கு அவர் வந்ததால் விளைந்த மிகப் பெரிய நன்மை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, மேடையில் அல்லாமல் உணவு மேசையில், ஒரு மாணவரோடு அவர் நடத்திய சிறிய உரையாடலில் தொடங்கிவிட்டது. அந்த உரையாடலை நடுவில் வைத்து உலாவை அமைத்துக்கொண்டால்தான் மற்ற இடங்களுக்கும் பொருள் கூடுகிறது.

உலாவைத் தொடங்குவதற்கு உகந்த இடம், ஊரின் நடுவில் 13 ஏக்கர் பரப்பில் மரங்கள் சூழ அமைந்திருக்கும் டாப்பன் சதுக்கம். 1965 ஜூன் 14 அன்று பட்டமளிப்பு விழா உரையைக் கிங் நிகழ்த்தியது இங்கேதான். அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலமாகச் சென்றவர்களைக் காவலர்கள் அடித்து விரட்டிய மார்ச் 7ஆம் தேதி கழிந்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாவதற்கு இன்னும் ஏழு வாரங்களுக்கு மேல் இருந்தன. இந்த இரண்டு நாள்களுக்கும் இடையில் நின்று பேசியவர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த உரையைப் படிக்க வேண்டும். கல்லூரியின் ஆவணக் காப்பகம் உரையின் முழு வடிவத்தையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. இந்த உலாவோடு தொடர்புடைய சேவைகளிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான் என்பேன். சதுக்கத்துக்கு வருவதற்கு முதல்நாள் இரவு அதைப் படித்துவிட்டு வருவது நல்லது.

இருபது ஆண்டுகள் தொடர்ந்து உறங்கி, தன் நாட்டில் புரட்சி ஒன்று நடந்து முடிந்ததையே அறியாமல் கண்விழித்த மனிதனைப் பற்றிய பழைய அமெரிக்கக் கதையிலிருந்து உரை தொடங்குகிறது. அவன் மலைக்கு ஏறும்போது ஊர்ப் பலகையில் இங்கிலாந்து மன்னரின் படம் இருந்தது. இறங்கி வரும்போது வாஷிங்டனின் படம் இருந்தது. அவன் நெடுங்காலம் உறங்கினான் என்பதைக் காட்டிலும், ஒரு புரட்சியின் ஊடாக உறங்கினான் என்பதே கதையின் உயிர் என்கிறார் கிங். பட்டம் பெற்று வெளியேறவிருந்த மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமைந்திருக்க முடியாது. உரையின் நடுப்பகுதியில், காலம் தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையை அவர் உடைக்கிறார். காலம் நடுநிலையானது, அதை ஆக்கத்துக்கும் பயன்படுத்தலாம் அழிவுக்கும் பயன்படுத்தலாம், தீய எண்ணம் கொண்டவர்கள் அதை நல்லவர்களைக் காட்டிலும் திறமையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, நியாயமானதைச் செய்வதற்கு எப்போதுமே நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிக்கிறார். அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குக் குண்டு வைத்தவர்களின் கொடுமைக்காக மட்டுமல்லாமல், பொறுத்திருங்கள் என்று சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்த நல்லவர்களின் மௌனத்துக்காகவும் இந்தத் தலைமுறை வருந்த வேண்டியிருக்கலாம் என்ற வரி, தங்கள் முன்னோரின் நற்செயல்களில் பெருமை கொண்ட ஒரு சபையின் முன் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

உரையில் இந்தியாவைப் பற்றிய ஒரு பகுதியும் வருகிறது. 1959இல் மனைவியோடு இந்தியாவுக்குச் சென்றபோது பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடைபாதையில் உறங்கிய லட்சக்கணக்கானவர்களைக் கண்டதை நினைவுகூர்ந்து, உபரியான உணவைச் சேமித்து வைக்க அமெரிக்கா நாள்தோறும் பெரும்பணம் செலவிடுகிறதே, அதைக் கட்டணமில்லாமல் சேமித்து வைக்கும் இடம் எனக்குத் தெரியும் என்கிறார். பசித்தவர்களின் சுருங்கிய வயிறுகளே அந்த இடம் என்கிறார். தன் மக்களின் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த ஒருவர், அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே உலகத்தின் பசியையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சுற்றுலாக் குறிப்புகளில் மேற்கோளாக எடுத்தாளப்படுபவை பெரும்பாலும் உரையின் இனிய வரிகளாகவே இருப்பதால், இந்தப் பகுதியைத் தேடிப் படிக்கும்படி வற்புறுத்துகிறேன்.

சதுக்கத்தின் வடமேற்கு மூலையை அடுத்து, சாலைக்கு அப்பால் ஃபின்னி மண்டபம் நிற்கிறது. பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கட்டடத்தை வடிவமைத்த காஸ் கில்பர்ட் 1908இல் இதைக் கட்டினார். 1964 அக்டோபர் 22 அன்று கிங் இங்கே பேசினார். நோபல் அமைதிப் பரிசு அவருக்கு என்ற செய்தி வெளியாகி எட்டு நாள்களே ஆகியிருந்தன. மண்டபம் இன்றும் இசை நிகழ்ச்சிகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் பயன்படுவதால், வெறுமனே பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறவர்களுக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நிகழ்ச்சி ஒன்று நடக்கும் நாளாகப் பார்த்துச் சென்று இருக்கையில் அமர்ந்து பார்ப்பதே நல்லது. ஏறத்தாழ 1,200 பேர் அமரக்கூடிய அந்தக் கூடத்தில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே தொலைவு குறைவு என்பது வெளியில் நின்று பார்ப்பவருக்குப் புலப்படாது.

இனி, இந்த உலாவின் இதயம் என்று நான் கருதும் செய்திக்கு வருகிறேன். 1957 பிப்ரவரியின் முதல் வாரத்தில் கிங் ஓபர்லினுக்கு வந்தார். பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்து, அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் 381 நாள்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு வெற்றியோடு முடிந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 28. அப்போது ஓபர்லினில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஜேம்ஸ் லாசனுக்கும் வயது 28. கொரியப் போருக்குப் படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர் லாசன். அதன் பின் மூன்று ஆண்டுகள் நாக்பூரில் மெதடிஸ்ட் திருச்சபையின் சார்பில் கல்லூரியில் பணியாற்றி, காந்தியின் வழிமுறைகளை அந்த மண்ணிலேயே கற்றவர். மாண்ட்கோமரியில் மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை அவர் முதலில் படித்தது நாக்பூரின் செய்தித்தாளில்தான். ஓபர்லினில் இருவரும் உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள். படிப்பை முடித்துவிட்டுத் தென் மாநிலங்களுக்கு வந்து பணியாற்ற எண்ணியிருப்பதாக லாசன் சொன்னபோது, காத்திருக்க வேண்டாம், இப்போதே வாருங்கள், உங்களைப் போன்றவர் எங்களிடம் இல்லை என்று கிங் கேட்டுக்கொண்டதாக லாசன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

லாசன் அவ்வாறே செய்தார். ஓபர்லினில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குச் சென்றார். அடிக்கும்போது திருப்பி அடிக்காமல் இருப்பது எப்படி, வசைச் சொற்களுக்கு நடுவே நிலைகுலையாமல் இருப்பது எப்படி என்பதை அங்கே மாணவர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகளில் கற்றுக்கொடுத்தார். அந்தப் பட்டறைகளில் அமர்ந்தவர்களில் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸும், மாணவர் போராட்டத் தலைவரான டயான் நாஷும் உண்டு. 1960 பிப்ரவரியில் அவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடைகளின் சிற்றுண்டிப் பகுதிகளில் போய் அமர்ந்தார்கள். மே மாதம் அந்தக் கடைகள் கறுப்பின மக்களுக்கும் பரிமாறத் தொடங்கின. இதற்குத் தலைமை தாங்கியதற்காக, நாஷ்வில்லில் அவர் பயின்றுகொண்டிருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், மெம்பிஸ் நகரின் துப்புரவுத் தொழிலாளர்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்ற குழுவை வழிநடத்தியவரும், கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தவரும் அதே லாசன்தான். ஏப்ரல் 3 அன்று ஆற்றிய தம் கடைசி உரையில், நெடுங்காலம் இந்தப் போராட்டத்தில் நின்று சிறை சென்றவர் என்று லாசனின் பெயரைச் சொல்லிக் கிங் பாராட்டினார். மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார். லாசன் 95 வயது வரை வாழ்ந்து 2024 ஜூன் மாதம் மறைந்தார்.

இந்தத் தொடரின் முதல் கண்ணி இந்தச் சிறிய கல்லூரி ஊரில் இருக்கிறது. ஒரு தலைவரின் வருகையை நாம் வழக்கமாகக் கூட்டத்தின் அளவையும் கைதட்டலையும் கொண்டே அளந்துவிடுகிறோம். உரை முடிந்தபின் யார் எதிரே அமர்ந்தார், அவரிடம் என்ன கேட்கப்பட்டது, அவர் என்ன செய்தார் என்பதைத் தேடினால் வரலாறு வேறு விதமாகத் தெரியும் என்பதை எனக்கு உணர்த்திய ஊர் இது. ஆகவே உலாவுக்குப் புறப்படும் முன் பட்டமளிப்பு உரையைப் படிப்பதோடு நிறுத்திவிடாமல், லாசன் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன நேர்காணல்களில் ஒன்றையாவது கேட்டுவிடுங்கள். குரலை உயர்த்தாமல், சொற்களை எண்ணி எண்ணிப் பேசும் அந்த மனிதரைக் கேட்டபின் இந்தத் தெருக்களில் நடப்பது வேறு அனுபவம்.

சதுக்கத்திலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் கிழக்கு வைன் தெருவில் கிங்கின் பெயரைத் தாங்கிய பூங்கா வருகிறது. பரப்பில் சிறியது, விரைந்து கடந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் உலாவில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. கிங்கின் நினைவுச் சின்னத்தோடு, 1858ஆம் ஆண்டின் ஓபர்லின்–வெலிங்டன் மீட்பைக் குறிக்கும் சின்னமும், அடிமை முறையை ஒழிக்க ஜான் பிரவுன் என்பவர் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் நடத்திய ஆயுத எழுச்சியில் உயிர்நீத்த மூன்று கறுப்பின இளைஞர்களுக்கான நினைவுக்கல்லும் இங்கே ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்த மீட்பு 1858 செப்டம்பர் 13இல் நடந்தது. கெண்டக்கியிலிருந்து தப்பி வந்து ஓபர்லினில் வாழ்ந்த ஜான் பிரைஸ் என்பவரை அடிமை பிடிப்பவர்கள் கைப்பற்றி அருகிலுள்ள வெலிங்டனுக்குக் கொண்டு சென்றபோது, கறுப்பரும் வெள்ளையருமாக ஊரார் திரண்டு போய் அவரை விடுதியிலிருந்து மீட்டு, கனடாவை நோக்கி அனுப்பிவைத்தார்கள். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டத்தை மீறியதற்காக 37 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அநீதியான சட்டத்தை வெளிப்படையாக மீறி, அதற்கான தண்டனையையும் ஏற்பது என்று கிங் பிற்காலத்தில் விளக்கிய வழியின் முன்னோடி ஒன்றை அவருடைய பெயர் தாங்கிய பூங்காவிலேயே நிறுத்தியிருப்பது, யார் திட்டமிட்டதாக இருந்தாலும், மிகப் பொருத்தமான ஏற்பாடு.

நினைவுக்கல் ஷீல்ட்ஸ் கிரீன், ஜான் கோப்லாண்ட், லூயிஸ் ஷெரிடன் லியரி ஆகிய மூவருக்கானது. ஜான் பிரவுனோடு 1859 அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்குச் சென்றவர்கள் இவர்கள். லியரி அங்கேயே குண்டடிபட்டு இறந்தார். மற்ற இருவரும் டிசம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டனர். கல்லில் அவர்களின் வயது பொறிக்கப்பட்டிருக்கிறது: 23, 25, 24. கோப்லாண்டின் உடலைப் பெற்றோரிடம் கொண்டுவருவதற்காக ஓபர்லின் பேராசிரியர் ஜேம்ஸ் மன்ரோ வர்ஜீனியாவுக்குப் போனார். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் உடலைத் தர மறுத்துவிட்டதால் வெறுங்கையோடு திரும்பினார். ஆகவே இந்தக் கல்லின் அடியில் எவரும் புதைக்கப்படவில்லை. முதலில் ஊரின் வெஸ்ட்வுட் கல்லறைத் தோட்டத்தில் இருந்த இதை 1970களில்தான் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். கல்வெட்டு மூவரையும் ஓபர்லின் குடிமக்கள் என்கிறது. உண்மையில் கிரீன் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில், அடிமை முறை எதிர்ப்புத் தலைவர் ஃபிரெட்ரிக் டக்ளஸின் ஆதரவில் இருந்தவர். இதனால் கல்லின் மதிப்பு குறைந்துவிடாது என்றாலும், வழிகாட்டி இல்லாமல் வருபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய திருத்தம் இது. மன்ரோவின் வீடு இப்போது மரபு மையத்தின் பொறுப்பில் இருப்பதால், இந்தப் பூங்காவைப் பார்த்தபின் அங்கே போவது கதையை முழுமையாக்கும்.

பூங்காவின் அக்கம்பக்கத்திலேயே, அதே கிழக்கு வைன் தெருவில், வில்சன் புரூஸ் எவன்ஸின் செங்கல் வீடு இருக்கிறது. மரவேலைத் தொழிலாளியான எவன்ஸ் 1850களில் கட்டிய வீடு இது. அவரும் அவருடைய சகோதரர் ஹென்றியும் 1858 மீட்பில் பங்கேற்றுச் சிறை சென்றவர்கள். மற்றபடி கல்லூரியின் டால்காட் மாணவர் விடுதியின் முன்னே, தரையிலிருந்து வானை நோக்கி எழும் தண்டவாளமாக 1977இல் அமைத்த சிற்பம் ஒன்று இருக்கிறது. அடிமைகள் தப்பிச் சென்ற இரகசியப் பாதைகளை நினைவூட்டுவது அது. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த உலாவில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஓபர்லினின் கதை பெரும்பாலும் 1835ஆம் ஆண்டிலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்த கல்லூரி, அடிமைகளுக்கு அடைக்கலம் தந்த ஊர் என்ற பெருமையிலிருந்து நேராகக் கிங்கின் உரைக்குத் தாவிவிடுகிறது. இடைப்பட்ட காலம் அவ்வளவு ஒளி மிக்கதாக இல்லை. 1884இல் இங்கே பட்டம் பெற்று நாடறிந்த கறுப்பினப் பெண் தலைவராக உயர்ந்த மேரி சர்ச் டெரல், 1910களில் தம் பெண் மக்கள் இதே கல்லூரியில் தங்குமிடம் பெறுவதில் நிறப் பாகுபாட்டைச் சந்தித்தபோது கல்லூரித் தலைவருக்கு வேதனையோடு கடிதம் எழுத வேண்டியிருந்தது. கல்லூரி 2018இல் தன் முதன்மை நூலகத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் உலாவுக்கு வருபவர்கள் அந்த நூலகத்தையும் தங்கள் பாதையில் சேர்த்துக்கொண்டு, பெயரின் பின்னுள்ள கடிதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல தொடக்கம் ஒன்று இருந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று எண்ணிவிட முடியாது என்றுதான் கிங் 1965இல் இந்தச் சதுக்கத்தில் பேசினார். டெரலின் கதையை விட்டுவிட்டு அந்த உரையைக் கொண்டாடுவது உரையின் கூர்மையை மழுங்கச் செய்கிறது.

நடைமுறைச் செய்திகள் சில. கார் இல்லாமல் ஓபர்லினுக்கு வருவது கடினம். கிளீவ்லாந்து விமான நிலையத்திலிருந்து காரில் வருவதே எளிது. ஊருக்குள் வந்தபின் காருக்கு வேலை இல்லை. சதுக்கம், ஃபின்னி மண்டபம், வைன் தெரு, நூலகம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. வெஸ்ட்வுட் கல்லறைத் தோட்டம் மட்டும் சற்றுத் தள்ளி இருக்கிறது. குளிர்காலத்தில் ஈரி ஏரியிலிருந்து வரும் காற்றும் பனியும் நடையைச் சோர்வாக்கிவிடும். மே முதல் அக்டோபர் வரை வசதியான காலம். பூங்காவுக்கும் சதுக்கத்துக்கும் கட்டணம் இல்லை. மரபு மையத்தின் உலாக்கள் நடைபெறும் நாள்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவதானால் வழிகாட்டியோடு செல்லும் உலாவையே பரிந்துரைக்கிறேன். 1858 மீட்பை ஒருவர் நின்று கதையாகச் சொல்லக் கேட்பதற்கு ஈடாக எந்தப் பலகையும் இல்லை. பெரியவர்கள் தாமாகவே நடப்பதானால், சதுக்கத்தில் தொடங்கி வைன் தெருவில் முடிப்பதைக் காட்டிலும், வைன் தெருவின் நினைவுக்கல்லில் தொடங்கி, டெரல் நூலகம் வழியாக, ஃபின்னி மண்டபத்தைக் கடந்து சதுக்கத்துக்கு வருமாறு பாதையை மாற்றிக்கொள்ளுங்கள். 1858இலிருந்து 1965 வரை கால வரிசைப்படி நடந்து வருபவருக்கு, கிங் இவ்வூரில் எத்தகைய மக்களின் முன் நின்று பேசினார் என்பது அவர் பேசிய இடத்தை அடையும் முன்பே விளங்கிவிடும்.